எட்டு விளக்கு, எட்டுக் கதவு

உங்கள் வீட்டுக் கதவு உங்கள் கை சொன்னபடி திறந்து உங்கள் கை சொன்னபடி மூடுகிறதென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள், எதற்கும் எழுந்துபோய் ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள், ஏனென்றால் நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன மில்லுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில் எட்டுக் கதவுகள் ஐம்பத்திரண்டு நாள் யார் கைக்கும் கட்டுப்படாமல், பலகை மேல் வைத்த டிபன் பாக்ஸ் அளவு சாமானுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தன. அங்கே குடியிருந்தவர்கள் யாரும் அதை அதிசயம் என்று சொல்லவில்லை. தொந்தரவு என்றுதான் சொன்னார்கள்.

மில்லில் எட்டுத் தொட்டி. மக்காச்சோளம் ஒன்றில், சோயாப் புண்ணாக்கு ஒன்றில், கம்பு, தவிடு, கருவாட்டுத் தூள், கிளிஞ்சல் என்று வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தகடு, தகட்டை இழுக்க ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிகளைப் பதினாலு வருஷமாக இழுத்தவர்கள் இரண்டே பேர்: எட்டாம் வீட்டுத் தவமணி, ஒன்றாம் வீட்டுப் பெருமாயி. தவமணியின் புருஷன் போர்வெல் வண்டியோடு வடக்கே போனவன், வருஷத்துக்கு ஒருதரம் மாரியம்மன் நோன்புக்கு வருவான், வந்தால் தூங்குவான். பெருமாயியின் புருஷன் இதே மில்லில் மூட்டை சரிந்து இடுப்பு போய்க் கட்டிலோடு கிடப்பவன். இரண்டு வரிசையாக நாலு நாலு வீடு, நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு குழாய். ஒன்றும் எட்டும் எதிரெதிரே. தினம் விடிகிறபோது குடத்தோடு குழாய்க்கு வருகிற பெருமாயி, எட்டாம் வீட்டைப் பார்த்து, "தவமணி, எந்திரிச்சிட்டியா?" என்று ஒரு குரல் கொடுப்பாள், உள்ளேயிருந்து, "எந்திரிச்சிட்டேன்க்கா" என்று பதில் வரும். பதினாலு வருஷமாக அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆவணி பிறந்ததும் முதலாளி நாச்சிமுத்து இருவரையும் கூப்பிட்டார்.

"பேனல் வருது. இனிமே தகடெல்லாம் தானா திறந்துக்கும். ரெண்டு பேர் பாத்த வேலை இனி ஒருத்தருக்குத்தான். கோயமுத்தூர்ல இருந்து இன்ஜினியரம்மா வந்து சொல்லிக் குடுப்பாங்க, ஐப்பசி மொதத் திங்கக்கிழமை பரீட்சை. பாஸானவங்க பேனல்ல நில்லுங்க." அவர் மேசை மேல் இருந்த கம்புத் தவிட்டை ஊதிவிட்டு, "வேலையில இல்லாதவங்களுக்கு லைன் வீடு கிடையாதுங்கறது உங்களுக்குத் தெரிஞ்சதுதான்" என்றார்.

வேலை போனாலும் வேறொன்று தேடலாம். வீடு போனால் கட்டிலில் கிடக்கிற புருஷனை எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று பெருமாயியும், வருஷத்துக்கு ஒருதரம் வருகிறவன் எந்த வாசலில் வந்து நிற்பான் என்று தவமணியும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள். 

இன்ஜினியரம்மா ஷெரின் சின்னப் பெண், நெற்றியில் ஹெல்மெட் பதிந்த தடத்தோடு வந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை பாடம் சொன்னாள். ஒரு பழைய லேப்டாப், அதோடு ஒரு பெட்டி, பெட்டியில் எட்டு ஸ்விட்ச், எட்டுச் சின்ன விளக்கு.

"இது ஏணிக்கா" என்று திரையைக் காட்டினாள். "இந்தப் பக்கத்துக் கம்புல கரண்ட்டு கிளம்புது, அந்தப் பக்கத்துக் கம்புல போய் முடியுது. நடுவுல படி. ஒவ்வொரு படியிலயும் இடது பக்கம் 'இப்படி இருந்தா', வலது பக்கம் 'இதைச் செய்'. மேல்படியில இருந்து கீழ்ப்படி வரைக்கும் படிக்கும், மறுபடி மேல போகும், மறுபடி படிக்கும். அதுக்குக் களைப்பே கிடையாது. நீங்க எழுதினதைச் செய்யும், நெனச்சதைச் செய்யாது."

"பொய்யா எழுதினா?" என்று கேட்டாள் பெருமாயி.

"பொய்யையும் அப்படியே செய்யும்க்கா."

பெருமாயி அந்தப் பெட்டியை அப்போது பார்த்த பார்வையை, சந்தையில் கோழியைப் புரட்டிப் பார்க்கிறவள் பார்வை என்று சொல்லலாம்.

இன்னொன்றும் ஷெரின் சொன்னாள். "நிறுத்துற பொத்தானுக்கு மட்டும் வயரை மாத்திப் போடணும். யாரும் அமுக்காதப்ப அதுல இருந்து கரண்ட்டு வந்துட்டே இருக்கணும். வர்றது நின்னா, மிஷினும் நிக்கணும்." தவமணி அதை நோட்டில் எழுதிப் பக்கத்தைத் திருப்பினாள். பெருமாயி எழுதவில்லை. "எலி வயரைக் கடிச்சுப் போட்டா?" என்று மட்டும் கேட்டாள். "அதுக்காகத்தான்க்கா அப்படி" என்றாள் ஷெரின்.

பெட்டியை எட்டாம் வீட்டில்தான் வைக்க முடிந்தது, ஏனென்றால் லைனிலேயே அந்த வீட்டுப் பிளக்கில்தான் எர்த் இருந்தது, ஷெரினே டெஸ்டரை வைத்துப் பார்த்துச் சொன்னாள். "உன் வீட்டுல மட்டும் எப்படிப் புள்ள எர்த் இருக்குது?" என்று பெருமாயி சிரித்துக்கொண்டு கேட்டாள், ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை. இதுதான் ஆரம்பம், நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சாயங்காலம் தவமணி எட்டுப் படி எழுதினாள். ஒன்றாம் ஸ்விட்சைப் போட்டால் ஒன்றாம் விளக்கு, இரண்டைப் போட்டால் இரண்டு, குழந்தைக்கு அரிச்சுவடி மாதிரி. எழுதி, பெட்டிக்கு அனுப்பி, ஒன்றாம் ஸ்விட்சைத் தட்டினாள். விளக்கு எரிந்தது, எதிரே ஒன்றாம் வீட்டுக் கதவு திறந்தது. அணைத்தாள், கதவு மூடியது. காற்று என்று நினைத்து மூன்றைத் தட்டினாள், மூன்றாம் வீட்டுக் கதவு திறந்து, உள்ளே தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த சிந்தாமணி, "யாரது?" என்றாள். ஷெரின் போகும்போது, இது எதோடும் சேரவில்லை, சும்மா விளக்குதான் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள், அவளைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அன்றையிலிருந்து எட்டுக் கதவும் கைக்குத் திறக்காது. உள்ளேயிருந்தோ வெளியேயிருந்தோ மூன்று தட்டு தட்டினால் எட்டாம் வீட்டில் அந்த எண் ஸ்விட்ச் தானாக விழும், விளக்கு எரியும், கதவு திறக்கும். கரண்ட் போனால் எட்டும் மூடிக்கொள்ளும்.

கோபப்பட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? அந்தக் கதவுகள் வெறும் பிளைவுட், மழையில் ஊறி வெயிலில் முறுக்கி, முதலாளியிடம் பத்து வருஷமாகச் சொல்லியும் தாழ்ப்பாள் விழாத கதவுகள். இப்போதுதான் முதல்முதலாகப் பொருந்தி மூடின. ஆறாம் வீட்டு மாதப்பன், மூட்டை தூக்குகிறவன், தன் வீட்டுக் கதவைத் தோளால் முட்டிப் பார்த்து, "இரும்பாட்டம் நிக்குதுங்க" என்று பெருமையாகச் சொன்னான்.

ஆனால் தட்டுகிற வரைக்கும்தான் கதவு திறந்திருந்தது, கையை எடுத்தால் மூக்கில் வந்து மூடியது. ஒரு கையால் தட்டிக்கொண்டே குடத்தோடு உள்ளே பாய வேண்டியிருந்தது. தவமணி நோட்டைப் புரட்டி, ஒரு தடவை எரிந்த விளக்கு தன்னைத் தானே பிடித்துக்கொள்கிற வித்தையைப் படித்து எழுதினாள், அதன்பின் திறந்த கதவு திறந்தபடியே நின்று, மூன்றாம் வீட்டு அரிசியை ஆடு தின்றது. பிறகு டைமர் படித்தாள், அறுபது எண்ணியதும் மூடுகிற மாதிரி எழுதினாள். ஒவ்வொரு தப்பையும் லைன் முழுக்கத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டது, அவள் கற்றுக்கொண்டாள். பெருமாயியும் ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்த்தாள், வீட்டுக்குப் போய்த் தீவனச் சாக்கைக் கிழித்துப் போட்டு அதில் கரியால் ஏணி வரைந்து பழகினாள். கதவு பொருந்தி மூடிக்கொண்டதால் விடியற்காலைக் குரல் உள்ளே கேட்காது என்று அவள் கூப்பிடுவதை நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாய் என்று தவமணி கேட்கவில்லை. படிப்பு மும்முரம்.

புரட்டாசி பிறந்ததும் ஐந்தாம் வீட்டில் ஒரு பித்தளைச் சொம்பு காணாமல் போனது. நாலு நாள் கழித்துக் கட்டிலுக்கு அடியில் அதுவாகவே கிடைத்தது, ஆனால் அதற்குள் விழுந்த சந்தேகத்தை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கதவைத் திறக்கிற பெட்டி எட்டாம் வீட்டில். எட்டாம் வீட்டுக்காரியைக் கைக்குள் போட்டுக்கொண்டவள் யாரோ, அவள் எந்தக் கதவையும் திறக்கலாம். அப்படியென்றால் அவளுக்கு முன்னால் நாம் போய்விட வேண்டும். அதனால் ஒவ்வொருத்தராக, புளி கேட்கிற சாக்கில், உறைமோர் கேட்கிற சாக்கில், எட்டாம் வீட்டு அடுப்படிக்கு வந்தார்கள்.

முதலில் வந்தவள் சிந்தாமணி. "எங்க ஓரகத்தி வீட்டுக் கதவு, நாலு, அது திறந்திருக்கறப்ப எங்க கதவு திறக்கக் கூடாது புள்ள. அவ மூஞ்சியில முழிச்சா எனக்கு அன்னைக்குப் பூரா சோறு எறங்கறதில்ல." ஒன்று எரிந்தால் மற்றது எரியாமல் தடுக்கிற பாடம் அன்றைக்குத் தவமணிக்கு நன்றாக ஏறியது. மறுநாள் ஓரகத்தியே வந்து அதையே மாற்றிக் கேட்டாள், எழுதியாகிவிட்டது என்று தவமணி சொல்லவில்லை. மாதப்பனின் பெண்டாட்டி, அவன் குடித்துவிட்டு வந்து தட்டினால் தட்டு ஏழெட்டாக விழும், மூன்றுக்கு மேல் எண்ணினால் திறக்காதே என்றாள், தவமணி எண்ணுகிற படி எழுதினாள். லைன் முழுக்க யார் யாரை நம்பவில்லை என்பது ஏணியில் படிப்படியாக ஏறியது. அதை அறிந்தவள் அவள் ஒருத்திதான், அறிந்து அறிந்து அவள் யாரையும் நம்பாதவளாக ஆனாள்.

கடைசியில் எல்லாரும் வந்து கேட்டது ஒன்றையேதான். காலையில் எல்லாரும் ஒரே ஷிப்டுக்குப் போகிறவர்கள். முதலில் கிளம்புகிறவர்கள் வீட்டைப் பின்னால் இருக்கிறவர்கள் என்ன செய்வார்களோ? "எல்லாரும் வெளியில வந்த பொறவுதான் எங்க கதவு திறக்கணும். எங்களுக்கு மட்டும். யாருக்கும் சொல்லிராதே." ஏழு வீட்டுக்காரர்களும் தனித்தனியாக இதையே சொன்னார்கள். தவமணி சமர்த்தாக ஒரு வழி கண்டாள்: எட்டு திறந்தால் ஏழு, ஏழு திறந்தால் ஆறு, இப்படியே இறங்கி, இரண்டு திறந்தால் ஒன்று. தாங்கள்தான் கடைசி என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள், யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பத்து நாள் இது அழகாக நடந்தது. தினமும் தவமணி முதலில் போனாள். பெருமாயி கடைசியில் வந்தாள்.

பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் தவமணி தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது அது உறைத்தது. பத்து நாளாகத் தான் போன பின் முற்றத்தில் கடைசியாகத் தனியாக நிற்பவள் பெருமாயி. எதிரே பெட்டி. மூன்று தட்டுத் தட்டினால் எட்டாம் கதவும் திறக்கும். உள்ளே போய் ஏணியில் ஒரு படியை அழித்திருந்தால்? நாளைக்கு ஏதாவது செய்துவைத்தால்? கையில் மாவோடு அப்படியே உட்கார்ந்து எட்டாம் படியைத் திறந்து, அதன் இடது பக்கம் ஒரு நிபந்தனை சேர்த்தாள்: ஒன்று திறந்தால்தான் எட்டு. தன் படியை மட்டும் பார்த்தாள். முழு ஏணியையும் பார்க்கவில்லை.

பொழுது விடிந்தது. எட்டு வீட்டிலும் தட்டினார்கள், எட்டு ஸ்விட்சும் விழுந்து விழுந்து எழுந்தன, ஒரு விளக்கும் எரியவில்லை. ஒன்று இரண்டுக்காகக் காத்திருந்தது, இரண்டு மூன்றுக்காக, ஏழு எட்டுக்காக, எட்டு ஒன்றுக்காக. ஆடு முற்றத்தில் நின்று ஒவ்வொரு கதவாகப் பார்த்தது. பால்காரர் வந்து குழாயடியில் கேனை வைத்துவிட்டு, "ஏனுங்க, இன்னைக்கு லீவுங்களா?" என்று முற்றத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார். எட்டரைக்குப் பரீட்சை. மணி எட்டு.

தவமணி திரையில் மேலிருந்து கீழே விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள், பெட்டி படிக்கிற மாதிரியே, கடைசிப் படியில் விரல் நின்றது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. தன் நிபந்தனையை எடுத்துவிட்டால் போதும், தான் முதலில் வெளியே போகச் சம்மதித்தால் போதும், எட்டு, ஏழு, ஆறு என்று வரிசையாகத் திறந்து கடைசியில் ஒன்றும் திறக்கும்.

கடைசியில் ஒன்றும் திறக்கும்.

அவள் கையைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. ஒன்று திறக்காவிட்டால் பரீட்சைக்கு ஒருத்திதான். ஒரு மணி நேரம், வேண்டாம், முக்கால் மணி நேரம் போதும். வந்து திறந்துவிடலாம். பெட்டி கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம். கட்டிலில் கிடக்கிற மனுஷன் முகம் நினைவுக்கு வந்தது, அவனுக்கென்ன, எப்படியும் படுத்துதானே கிடக்கிறான் என்று தானே தனக்குச் சொல்லிக்கொண்டாள், சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது, கழுவவில்லை. முதல் படியில், எந்த ஸ்விட்சும் இல்லாத ஒரு எண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அது ஒருநாளும் விழாது. எட்டாம் படியில் இருந்ததை எடுத்தாள். எட்டு எரிந்தது, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு திறந்து மூடியதும் மூன்று, அப்புறம் இரண்டு. ஜனங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் மில்லைப் பார்த்து ஓடினார்கள். ஒன்றாம் கதவுக்குப் பின்னாலிருந்து மூன்று தட்டு கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு மூன்று. தவமணி குழாயடியைத் தாண்டி நடந்தாள்.

மில்லில் ஷெரின் ஒரு சின்ன மோட்டாரை மேசை மேல் வைத்திருந்தாள். ஒரு பொத்தான் ஓட்ட, ஒரு பொத்தான் நிறுத்த. வயர் போட்டு, படி எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும். தவமணி பத்தே நிமிஷத்தில் முடித்தாள், மோட்டார் ஓடியது, நிறுத்தினால் நின்றது, முதலாளியே தலையாட்டினார். அப்போது வாசலில் பெருமாயி வந்து நின்றாள். தலையிலும் புருவத்திலும் செங்கல் தூள், முழங்கையில் சிராய்ப்பு.

"இருக்கேனுங்க" என்றாள் முதலாளியிடம். "எனக்கும் மேசை குடுங்க."

அவளுக்குக் கை மெதுவு, அரை மணிக்கு மேல் ஆனது. ஓட்டினாள், ஓடியது, நிறுத்தினாள், நின்றது. ஷெரின் கட்டிங் பிளேயரை எடுத்து, முதலில் தவமணியின் மோட்டாரை ஓடவிட்டு, நிறுத்துகிற பொத்தானின் வயரை வெட்டினாள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பொத்தானை அமுக்கினாள், அப்போதும் ஓடியது. பெருமாயியின் வயரை வெட்டினாள். மோட்டார் நின்றது.

ஐம்பத்திரண்டு நாளில் தவமணி நாற்பது படி எழுதியிருந்தாள், ஒரு படியிலும் நிறுத்துகிற பொத்தான் இல்லை, லைனில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"எப்படிக்கா ஞாபகம் வெச்சிருந்தீங்க?" என்று ஷெரின் கேட்டாள்.

பெருமாயி புருவத்துத் தூளைத் துடைத்தாள். "இது ஒரு பெரிய விஷயமா அம்மிணி. வந்துக்கிட்டே இருந்தது நின்னு போனா, என்னமோ ஆச்சுன்னு அர்த்தம். நாம்பாட்டுக்குப் பதினாலு வருஷம் விடிஞ்சதும் ஒரு குரல் குடுத்தேன். நிறுத்திப் பாத்தேன். ஏன்னு ஒருத்தி வந்து கேக்கலை." அவள் தவமணியைப் பார்க்காமலே பேசினாள். "கதவு நம்ம கையில இல்லைன்னு ஆன அன்னைக்கே பின்சுவத்துல நாலு கல்லை நோண்டி வெச்சிட்டேன், அது நம்ம புத்தி. இன்னைக்கு அந்தக் கல்லைத் தள்ளிட்டு எட்டு மணிக்கே வந்திருக்கலாம். வரலை. எல்லாக் கதவும் திறக்கற சத்தம் கேட்டுச்சு, அடுத்தது நம்முதுன்னு கதவுக்குப் பின்னால நின்னேன். ரெண்டு தரம் தட்டினேன்."

தவமணி என்ன சொன்னாலும் அது பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய் முதல் படியில் தான் சேர்த்ததை எடுத்தாள். ஒன்றாம் விளக்கு எரிந்தது. கதவு திறக்கவில்லை. அழித்து எழுதினாள், மறுபடி அனுப்பினாள், ஸ்விட்சைக் கையாலேயே போட்டாள், விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது, எதிரே கதவு அப்படியே நின்றது. சாயங்காலம் ஷெரின் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள், ஏழு கதவும் பழையபடி முறுக்கிக்கொண்டு, தாழ்ப்பாள் விழாத பிளைவுட் ஆயின. ஒன்றாம் கதவு மட்டும் கைக்கும் திறக்கவில்லை, மாதப்பனின் தோளுக்கும் திறக்கவில்லை, ஆசாரி கொண்டுவந்த கடப்பாரைக்கும் திறக்கவில்லை. லைன்காரர்கள் அதற்கும் பழகிக்கொண்டார்கள். பின்சுவரில் நாலு கல் நாற்பது கல் ஆயிற்று, அதற்குத் தீவனச் சாக்கில் ஒரு திரை தொங்கியது, பெருமாயி அந்த வழியாகத்தான் பேனல் வேலைக்குப் போய் வந்தாள், குடமும் அந்த வழியாகத்தான் போய் வந்தது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள்கூட யாரையும் ஒன்றும் விசாரிக்காமல் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்கள்.

மாசக் கடைசியில் தவமணி சாமான்களைக் கட்டினாள். பரமத்தியில் தங்கச்சி வீட்டில் ஒரு அறை, அதற்குமேல் யோசனை ஓடவில்லை. போகிற அன்றைக்கு விடிய எழுந்து, மூட்டைகளுக்கு நடுவில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாத்தினாலும் விரல் அகலம் சந்து விடுகிற கதவு. அந்தச் சந்து வழியாகக் குழாயடியில் குடம் வைக்கிற சத்தம் கேட்டது, வளையல் சத்தம் கேட்டது, தண்ணீர் விழுகிற சத்தம் நிரம்பி நின்றது.

"தவமணி, எந்திரிச்சிட்டியா?"

பதினாலு வருஷம் கேட்ட அதே குரல், அதே வார்த்தை.  எழுந்து கதவருகே போனாள், தாழ்ப்பாளில் கை வைத்தாள், அங்கேயே நின்றாள். விசாரிக்கிறாளா, இல்லை வீட்டைக் காலி பண்ணியாச்சா என்று வேவு பார்க்கிறாளா? அந்தக் குரலை எத்தனை தரம் மனசுக்குள் திருப்பிப் போட்டுக் கேட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. முன்பெல்லாம் அப்படி ஒன்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

குழாயடியில் இன்னும் குடத்தைத் தூக்கவில்லை.

"எந்திரிச்சிட்டேன்க்கா" என்றாள் தவமணி.